ஆளுக்கொரு பிள்ளை

கிளிவெட்டி
28-1-1942

குணேசின் அப்பாவுக்கு,

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணித்தியாலமாகியும் குணேஸ் வீடு வந்து சேரவில்லை. சின்னவள் பாக்கியத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கமெல்லாம் தேடித் திரிந்தேன். எட்டு வயதுப் பிள்ளை, எங்கே போயிருக்கும் என்று ஊரே பதறியது. கடைசியில் தலைமை வாத்தியார் வந்து, தகப்பன் வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போனார், தாய்க்குத் தெரியும் என்று சொன்னார் என்றார். தாய்க்குத் தெரியாது. மூதூரில் லோஞ்சுப் படகுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு ஆளையாவது அனுப்பிச் சொல்லியிருக்கலாம். என் அண்ணன் கதிரவேலுக்குப் பயந்தீர்களோ என்னவோ.

நான் மார்கழியில் வீட்டை விட்டு வந்தது சும்மா இல்லை. துறைமுக டொக்யாட்டில் உங்களோடு வேலை செய்கிற இரண்டு ஆண்களை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டில் கொண்டுவந்து இருத்தினீர்கள். அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நானும் இரண்டு பெண் பிள்ளைகளும் குசினிக்குள் பாய் போட்டுப் படுத்தோம். மூன்று மாதம் அவர்களுக்கும் சமைத்தேன். இனி ஏலாது என்று சொன்னதற்கு, "வீடு என்ரை பேரிலை. விருப்பமில்லாட்டிப் போ" என்றீர்கள். போகச் சொன்னது நீங்கள். வந்தது மட்டும்தான் நான்.

பிள்ளையின் உடுப்பு எல்லாம் இங்கே கிடக்கிறது. அவளைக் கொண்டுவந்து விடுங்கள்.

சீதேவி

ஓர்ஸ் ஹில்
திருகோணமலை
5-2-1942

சீதேவிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பள்ளி வாசலில் வைத்துக் கூட்டி வந்தது முறையில்லை என்கிறீர். இரண்டு பிள்ளைகளையும் நான் வேலைக்குப் போன நேரம் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனது எந்த முறை என்பதை நான் கேட்கவில்லை.

அந்த இருவரையும் நான் விரும்பி வைத்திருக்கவில்லை. வேலைக்கென்று ஊரெங்குமிருந்து ஆட்கள் வந்து குவிகிறார்கள், தங்க இடமில்லை. பெரிய ஸ்ரோர்க் கிளாக்கர் நேரே என்னைக் கேட்டார். எப்படி மறுப்பது? இந்தக் குன்றில் பாதி வீடுகளில் இதே நிலைதான். மற்றப் பெண்கள் வீட்டை விட்டுப் போகவில்லை.

நான் வழக்குப் பேசுகிற பிரக்கிராசி ஒருவரைக் கண்டு கதைத்தேன். பதிவு எழுதிய கலியாணம் என்றபடியால் கோட்டில் நீதிபதி முன்தான் பிரிக்க வேண்டுமாம். வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வர மறுப்பது வழக்குக்குப் போதுமான காரணமாம். பிள்ளைகளுக்குத் தகப்பனே பாதுகாவலன் என்பது சட்டம். ஆனால் சின்னப் பிள்ளைகளைத் தாயிடம் விடுவது கோட்டின் பழக்கம் என்றார். அவர் சொன்ன வழி, பெரியவள் என்னோடு, சின்னவள் உம்மோடு. நாலு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க நானும் கேட்கமாட்டேன். நியாயமான பங்கு என்றே எனக்குப் படுகிறது.

குணேசை இங்கே பழைய பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டேன். உடுப்புகளை லோஞ்சில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடவும்.

வல்லிபுரம்

கிளிவெட்டி
2-3-1942

குணேசின் அப்பாவுக்கு,

கோட்டுக் கடதாசியைக் கொண்டுவந்த பியோன் படலையில் நின்று எல்லாருக்கும் கேட்க வாசித்தான். உங்களை வேண்டுமென்றே கைவிட்டுப் போனவள் என்று அதில் எழுதியிருக்கிறது. அண்ணன் கத்தியோடு எழும்பினார். அவரை இருத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நானும் மூதூருக்குப் போய்ச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். இப்போது கோடு சொல்லப் போவது முடிவான தீர்ப்பு இல்லை, வழக்கு முடியும் வரைக்குமான ஒழுங்கு என்றார். பாதுகாவலன் என்பது வேறு, பிள்ளை யாருடைய பொறுப்பில் வளர்கிறது என்பது வேறு என்றும், பிறகு பிள்ளையின் நன்மையைப் பார்த்து அதை மாற்றலாம் என்றும் விளங்கப்படுத்தினார். நான் எதிர்த்து நின்றால் இரண்டு பிள்ளைகளையும் கோட்டுக்கு இழுப்பார்கள், இரண்டையுமே இழக்கவும் கூடும் என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் சம்மதிக்கிறேன். நீங்கள் பங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். பங்கு போடுவது வயலை.

மாதம் ஒருமுறை குணேசை மூதூர் இறங்குதுறைக்காவது கூட்டி வரவேண்டும். பள்ளி விடுமுறை முழுவதும் அவள் என்னோடு இருக்கவேண்டும். இதை எழுத்தில் கேட்பேன்.

சீதேவி

ஓர்ஸ் ஹில்
17-3-1942

சீதேவிக்கு,

கோட்டில் உம்மோடு கதைக்கச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. உமது அண்ணன் பக்கத்தை விட்டு நகரவில்லை.

ஒழுங்கின் நகல் உமக்கும் வந்திருக்கும். நான் விளங்கிக்கொண்டபடி, வழக்கு முடியும் வரை குணேஸ் என் பொறுப்பில், பாக்கியம் உமது பொறுப்பில். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மூதூரில் சந்திப்பு. சித்திரை விடுமுறைக்கு, ஏப்ரல் 11 சனிக்கிழமை காலை லோஞ்சில் குணேசைக் கொண்டுவந்து உம்மிடம் ஒப்படைப்பேன். ஒருவர் மற்றவரின் சம்மதமின்றிப் பிள்ளையை வேறு இடம் கொண்டு போகக்கூடாது. இதில் எழுதியபடியே நான் நடப்பேன்.

ஒன்றை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். குணேஸ் வந்த நாளிலிருந்து அதிகம் கதைப்பதில்லை. படிப்பில் குறைவில்லை. முந்தநாள் சாப்பிடும்போது என்னைக் கேட்டாள், "அம்மா ஏன் தங்கச்சியை எடுத்தவ, என்னை ஏன் எடுக்கேல்லை?" என்று. கோடு அப்படிச் சொல்லிவிட்டது என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

வல்லிபுரம்

கிளிவெட்டி
31-3-1942

குணேசின் அப்பாவுக்கு,

அவள் கேட்டதை நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. நான் அவளை விட்டுவிட்டுத் தங்கச்சியைத் தெரிந்தெடுக்கவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மற்றதை நேரில் சொல்வேன்.

இன்னொரு விஷயம். பட்டினத்திலிருந்து ஆட்கள் மூட்டை முடிச்சோடு மூதூருக்கு வந்து இறங்குகிறார்கள். யப்பான்காரன் வரப்போகிறான் என்றுதான் எல்லார் வாயிலும் கதை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வீட்டில் அந்தப் பிள்ளை இருக்கிறது. பதினொராந் திகதி வரை பார்க்காமல் இப்போதே அனுப்பிவிடுங்கள். எழுதின ஒழுங்கையும் இரண்டு பேரும் சம்மதித்தால் மாற்றலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். விடுமுறை முடிந்ததும் திருப்பி அனுப்புவேன் என்று கையெழுத்து வைத்துத் தரவும் ஆயத்தம்.

சீதேவி

ஓர்ஸ் ஹில்
6-4-1942

சீதேவிக்கு,

திகதியை மாற்ற எனக்குச் சம்மதமில்லை. புதன்கிழமை அவளுக்குக் கணக்குச் சோதனை இருக்கிறது. அதோடு, நாளைக்கு உமது பிரக்கிராசி எழும்பி, தகப்பனால் பிள்ளையை வைத்திருக்க ஏலாமல் தானே அனுப்பினார் என்று சொல்வதற்கு நான் இடம் வைக்கமாட்டேன்.

கொழும்பில் நேற்று யப்பான்காரன் குண்டு போட்டதைக் கேள்விப்பட்டிருப்பீர். இங்கே வளவுக்குள் பதுங்குகுழி வெட்டி மேலே தென்னங்குற்றி போட்டிருக்கிறோம். சங்கு ஊதினால் அதற்குள் ஓட வேண்டும் என்று குணேசுக்குப் பழக்கியிருக்கிறேன். காலையில் நான் வேலைக்குப் போனபின், வீட்டில் இருக்கும் அந்த இருவரில் பேணாட் அவளைப் பள்ளி வரை கூட்டிப் போய் விடுகிறான். பயப்பட ஒன்றுமில்லை.

11ஆம் திகதி சனிக்கிழமை மூதூரில் நில்லும்.

வல்லிபுரம்

கந்தளாய்
12-4-1942

சீதேவிக்கு,

குணேஸ் உயிரோடு, காயமில்லாமல் என் பக்கத்தில் இருக்கிறாள். முதலில் அதை வாசித்துவிட்டு மற்றதை வாசியும். இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறவர் பெயர் றஊப். தோப்பூரில் உள்ள தன் தமக்கையைப் பார்க்க வருகிறார். அவருடைய மனைவி ஜெமீலாதான் பிள்ளையைக் காப்பாற்றியவர்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் வேலைக்குப் போய்விட்டேன். பேணாட்டையும் அன்றைக்கு நேரத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. பிள்ளை வீட்டில் தனியே. ஏழு மணி கழிந்து சங்கு ஊதியது. பிறகு குண்டுகள் விழுந்தன. துறைமுகத்தில் எது போனது எது மிஞ்சியது என்பதை நான் எழுதக்கூடாது, சண்டைக் காலச் சட்டம். எங்களை வெளியே விடும்போது மத்தியானம் இரண்டு மணி.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. புத்தகப் பை ஆணியில் தொங்கியது. குழிக்குள் அவள் இல்லை. அயலில் ஒரு சனமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கிடத்தியிருந்த ஒவ்வொருவரையும் துணியை விலக்கிப் பார்த்தேன். அதில் பேணாட் இருந்தான். குணேஸ் இல்லை. சனமெல்லாம் கந்தளாய் றோட்டில் போகுது என்றார்கள். நானும் அதே றோட்டில் நடந்தேன். எட்டு வயதுப் பிள்ளை, நீலச் சட்டை என்று கேட்டுக் கேட்டு நடந்தேன். கண்ட பிள்ளை என்று இரண்டு பேர் சொன்னதும் வேறு பிள்ளைகளாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இங்கே பள்ளிக்கூடத்தில் கண்டேன். ஜெமீலாவோடு குந்தியிருந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. குழிக்குள் ஏன் இருக்கவில்லை என்று கேட்டேன். "இருந்தனான். சத்தம் நிண்டாப் பிறகு வெளியிலை வந்தனான். மூதூருக்கு லோஞ்சு இருக்கோ எண்டு போய்ப் பாத்தனான். இல்லை" என்றாள். இறங்குதுறைக்குத் தனியே போயிருக்கிறாள். அந்தப் புகைக்குள், உம்மிடம் வருவதற்கு. வழியில் கண்ட ஜெமீலா கையைப் பிடித்து இழுத்துத் தங்கள் வண்டியில் ஏற்றியிருக்கிறார்.

என்னைத் தேடினாளா என்று ஜெமீலாவிடம் கேட்டேன். "அம்மாவைத்தான் கேட்டவ" என்றார்.

முப்பத்தோராந் திகதி நீர் கேட்டீர். நான் மறுத்தேன்.

வேலைக்குத் திரும்பச் சொல்லி லொறியில் ஆட்களை ஏற்ற வந்துவிட்டார்கள். ஒரு கிழமைத் தவணை வாங்கியிருக்கிறேன். நீர் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போம். விடுமுறைக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

வல்லிபுரம்

கிளிவெட்டி
15-4-1942

குணேசின் அப்பாவுக்கு,

சனிக்கிழமை மூதூரில் நின்றேன். லோஞ்சு வரவில்லை. ஞாயிறும் திங்களும் நின்றேன். வள்ளத்தில் வந்து இறங்கிய ஒவ்வொரு ஆளிடமும் ஓர்ஸ் ஹில்லில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஒருவர் அங்கே ஒரு வீடும் இல்லை என்றார், இன்னொருவர் எல்லாம் இருக்கிறது என்றார். அந்த மூன்று நாளை நீங்கள் எனக்குத் திருப்பித் தர ஏலாது. கணக்குச் சோதனைக்காக வைத்திருந்தீர்கள்.

இதை எழுதிவிட்டேன். இனித் திரும்ப எழுதமாட்டேன்.

இதை றஊப் முன்னே கொண்டு வருவார். அண்ணனோடு வண்டி கட்டிக்கொண்டு காட்டுப் பாதையால் நாளைக்கு வெளிக்கிடுகிறோம். பாக்கியமும் வருகிறாள். உங்கள் மேலே கை வைப்பதில்லை என்று அண்ணன் எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு அசையவேண்டாம். ஜெமீலாவையும் நிற்கச் சொல்லுங்கள், அவவை நான் பார்க்கவேண்டும். குணேசிடம், அம்மா ஆள் அனுப்புகிறா என்று சொல்லாமல், அம்மா வாறா என்று சொல்லுங்கள்.

சீதேவி

ஓர்ஸ் ஹில்
17-5-1942

சீதேவிக்கு,

ஒரு மாதமாக எழுதத் தொடங்கிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். வீடு நிற்கிறது. ஓடுகள் போய்விட்டன, கிடுகு போட்டிருக்கிறேன். மற்ற ஆள் தன் ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பேணாட்டின் தாய்க்கு அவனுடைய பெட்டியை அனுப்பிவைத்தேன். வீட்டில் இப்போது நான் மட்டும்தான்.

கந்தளாயில் வண்டி வந்து நின்றபோது நான் மரத்தடியில் தள்ளி நின்றேன். பாக்கியம் குதித்து ஓடி வந்து குணேசின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விடவே இல்லை. குணேஸ் உம்மிடம் வராமல் நின்று, என்னிடம் கேட்ட அதே கேள்வியை உம்மிடமும் கேட்டாள். நீர் சொன்னது எனக்குக் கேட்டது. "நான் எடுக்கேல்லை, பிள்ளை. நாங்கள் ரண்டு பேரும் பிழை விட்டனாங்கள்" என்றீர். அந்த இடத்தில் நீர் என் பெயரை மட்டும் சொல்லியிருந்தால் நான் ஒன்றும் கதைத்திருக்க ஏலாது. நீர் சொல்லவில்லை. அதை நான் நினைத்துப் பார்க்காத நாளில்லை.

இரண்டு பிள்ளைகளும் உமது பொறுப்பில் இருக்கச் சம்மதம் என்று பிரக்கிராசிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரியவளை விட்டுக்கொடுக்க அவசரப்பட வேண்டாம் என்று அவர் சொன்னார். கோடு திறந்ததும் நீதிபதி குணேசைக் கூப்பிட்டுத் தனியே கேட்பாராம். என்னைப் பற்றி என்ன சொல்லப் போகிறாளோ என்றிருக்கிறது. தனியே விட்டுவிட்டுப் போனவர் என்று சொன்னால் அது பொய்யில்லை.

இன்னொன்று. வீட்டில் வேறு ஆட்கள் இனி இல்லை, இருக்கவும் விடமாட்டேன். சண்டை முடிந்தபின் நீர் திரும்பி வர விரும்பினால் வழக்கை நிறுத்தலாம். யோசித்து எழுதும்.

வல்லிபுரம்

கிளிவெட்டி
7-6-1942

குணேசின் அப்பாவுக்கு,

பேணாட்டின் சேதியை நீங்கள் எழுதியதிலிருந்து மனம் ஆறவில்லை. உறைப்புச் சாப்பிடத் தெரியாத பிள்ளை. அவனுக்கென்று தனியே ஒரு கறி வைக்க வேண்டியிருக்கிறதே என்று எவ்வளவு எரிச்சல்பட்டேன். அவன்மேல் ஒரு பிழையும் இல்லை. அவனுடைய தாயின் விலாசத்தை அனுப்புங்கள், நான் நாலு வரி எழுதவேண்டும்.

திரும்பி வருவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் வரவில்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். கோபம் இருந்த நாளில் என்றால் வந்திருக்கவும் கூடும். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது காரணம் இல்லை. என்னைக் கேட்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. போ என்றபோது, போய்விடுவாள் என்றும் தோன்றவில்லை. இங்கே வயலில் அண்ணனோடு சமமாக நிற்கிறேன். என்னைக் கேட்டுத்தான் விதைப்பு நடக்கிறது. இதை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. வழக்கு நடக்கட்டும். நான் கைவிட்டுப் போனவள் என்ற சொல்லையும் எதிர்க்கமாட்டேன். கோட்டுக்கு ஒரு காரணம் வேண்டுமென்றால் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்ததை நான் அப்படியே எடுக்கவில்லை. இரண்டு பேரும் என்னோடு இருப்பார்கள், இனி ஒருபோதும் பிரிக்கக்கூடாது. அதற்காக நீங்கள் தகப்பன் இல்லை என்று ஆகாது. மாதம் ஒருமுறை என்பது காணாது. லோஞ்சு ஓடுகிற எந்தச் சனிக்கிழமையும் வரலாம், வருவதை முன்கூட்டி எழுதினால் போதும். குணேசின் படிப்பை நீங்களே பார்க்கவேண்டும், இங்கே ஐந்தாம் வகுப்புக்கு மேலே இல்லை. எங்கே படிப்பது என்பதை இரண்டு பேரும் கதைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். இதையெல்லாம் கோட்டிலும் சொல்வேன்.

இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. கொயினா மருந்து கொடுத்தேன். பாக்கியம் துப்பிவிட்டாள், குணேஸ் மூக்கைப் பிடித்துக் குடிக்கப் பழக்கினாள்.

சீதேவி

கிளிவெட்டி
22-9-1942

குணேசின் அப்பாவுக்கு,

போன வியாழக்கிழமை கோட்டில் நீங்கள் முன் வாங்கில் குனிந்தபடியே இருந்தீர்கள். குணேஸ் நீதிபதியின் அறையிலிருந்து வெளியே வந்தபோதும் நிமிரவில்லை. அவள் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள்.

தீர்ப்பு நான் கேட்டபடிதான் என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டு பிள்ளைகளும் என் பொறுப்பில், நீங்கள் எப்போதும் வந்து பார்க்கலாம், படிப்பும் வைத்தியமும் இரண்டு பேரின் சம்மதத்தோடு. விவாகப் பிரிவு முழுதாக ஆவதற்கு இன்னும் மூன்று மாதம் செல்லுமாம். நீங்கள் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. உங்கள் பிரக்கிராசி கேட்டபோதும் தலையை ஆட்டினீர்கள். கோட்டு வாசலில் உங்களோடு கதைக்கத் தேடினேன், போய்விட்டீர்கள்.

அறைக்குள் என்ன நடந்தது என்று குணேசை நான் கேட்கவில்லை. லோஞ்சில் வரும்போது அவளாகவே சொன்னாள். நீதிபதி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஆரோடு இருக்க விருப்பம் என்று கேட்டாராம். "தங்கச்சியோடை" என்றாளாம். அவர் சிரித்துவிட்டு, அம்மாவோடா அப்பாவோடா என்று திரும்பக் கேட்டாராம். தங்கச்சி எங்கே இருக்கிறாளோ அங்கே என்றாளாம்.

பிறகு அவர் அப்பாவில் கோபமோ என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவள் சொன்னதை அவளுடைய வாயால் வந்தபடியே எழுதுகிறேன். "இல்லை. அவர் எல்லாரையும் கேட்டுக் கேட்டு நடந்து வந்தவர். காலெல்லாம் வெடிச்சிருந்தது. நான்தான் எழும்பிப் போகேல்லை."

இதை நான் எழுதாமல் விட்டால் உங்களுக்கு ஒருநாளும் தெரியவராது. நீங்கள் அவளுடைய கேள்வியை எனக்கு எழுதினீர்கள். ஆகவே அவளுடைய பதிலை நான் எழுதுகிறேன்.

அக்டோபர் 3ஆம் திகதி சனிக்கிழமை லோஞ்சு ஓடும் என்று மூதூரில் சொன்னார்கள். வாருங்கள். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பேன். இறங்குதுறையில் இரண்டு பலகை உடைந்து கிடக்கிறது, உங்களைக் கண்டால் பாக்கியம் நில் என்றாலும் நிற்கமாட்டாள். ஆகவே மற்ற ஆட்களுக்கு வழிவிட்டுக்கொண்டு நிற்காமல் முதல் ஆளாக இறங்கிக் கரைக்கு வந்துவிடுங்கள்.

சீதேவி